லாயத்துக்குள் தொற்று எந்த வழியாக வருகிறது?

2007 ஆகஸ்ட் வரை ஆஸ்திரேலியக் குதிரைகள் ஃபுளூவைக் கண்டதே இல்லை. குதிரைகள் ஏராளமாக உள்ள நாடுகளில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற ஒருசில மட்டுமே அந்த வைரஸ் எட்டாத இடங்களாக இருந்தன. அதனால் அங்கே உள்ளூர்க் குதிரைகளுக்குத் தடுப்பூசி போடும் வழக்கமும் இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் வடக்கு அரைக்கோளத்திலிருந்து பொலிகுதிரைகள் அங்கே விமானத்தில் வந்திறங்கும். தெற்கே இனப்பெருக்கப் பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது என்பதால், ஒரே குதிரையை ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆண்டு ஜப்பானிலிருந்து வந்த சில குதிரைகளும் சிட்னியின் மேற்கே ஈஸ்டர்ன் கிரீக் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வைக்கப்பட்டன. அதே மாதத்தில் ஜப்பானிலும் குதிரை ஃபுளூ பரவத் தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் 24 அன்று சிட்னி நகருக்குள் இருக்கும் சென்டென்னியல் பூங்கா லாயங்களில் நோய் உறுதியானது. மறுநாளே குதிரைகளை எங்கும் நகர்த்தக் கூடாது என்று நாடு முழுவதும் தடை வந்தது. ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாநிலங்களில் 9,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 70,000 குதிரைகளுக்குத் தொற்று பரவிவிட்டது. சிட்னியின் வசந்தகாலப் பந்தயங்கள் நின்றுபோயின. அண்டை மாநிலமான விக்டோரியா தப்பியதால் மெல்பர்ன் கோப்பை மட்டும் நடந்தது.

அடைத்து வைத்திருந்த குதிரைகளிடமிருந்து வைரஸ் எப்படி வெளியே போனது? ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட்டின் முன்னாள் நீதிபதி இயன் கேலினன் தலைமையில் விசாரணை நடந்தது. எந்தக் குதிரையும் தப்பி ஓடவில்லை. நிலையத்துக்குள் போய்வந்த ஒரு மனிதரின் உடலிலோ உடையிலோ, அல்லது அவர் கொண்டுபோன கருவியிலோ ஒட்டிக்கொண்டு வைரஸ் வெளியேறியிருக்கவே அதிக வாய்ப்பு என்று அறிக்கை சொன்னது. குதிரைகளைத் தொட்டு வேலை செய்தவர்கள் வெளியே போகும்முன் குளித்து உடை மாற்றுவதை யாரும் உறுதிப்படுத்தவில்லை. கருவிகள் கழுவப்படுகின்றனவா என்றும் யாரும் பார்க்கவில்லை.

ஐந்து குதிரை வைத்திருப்பவரானாலும் ஐந்நூறு வைத்திருப்பவரானாலும் கவனத்தில் கொள்ள வேண்டிய முடிவு இது. நோயைப் பற்றி யோசிக்கும்போது நாம் குதிரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குதிரையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையோடு அடுத்த குதிரைக்குக் கடிவாளம் மாட்டும் ஆள் நம் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலும் அந்த ஆள் நாமேதான்.

ஃபுளூ வைரஸ் குதிரையின் மூச்சுக்குழாயைத் தாக்குகிறது. கிருமி உள்ளே போன ஓரிரு நாளில், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள், காய்ச்சல் வரும்; பிறகு வறட்டு இருமல், மூக்கொழுகல். இருமும் ஒவ்வொரு தடவையும் காற்றில் பறக்கும் துளிகள் பல பத்து மீட்டர் தூரம் போகக்கூடும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துத் தடுப்புகளில் கட்டிய குதிரைகள் வரிசையாக விழுகின்றன. காற்று இந்த வைரஸுக்கு ஒரு வழி. வாளி, தலைக்கயிறு, தேய்க்கும் பிரஷ், மூக்கைத் துடைத்த துணி, கை, சட்டை ஆகியவை இன்னொரு வழி. காற்றை நம்மால் நிறுத்த முடியாது. இந்த இரண்டாவது வழியை முழுக்க அடைத்துவிட முடியும். அதிலும் ஃபுளூ வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் அதைக் குலைத்துவிடும். 70,000 குதிரைகளைப் படுக்க வைத்த ஒரு கிருமியை ஒரு துண்டுச் சோப்பு அழிக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

அந்தப் பரவலுக்குப் பிறகு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நோய் வந்த இடங்களையும், அவற்றின் அருகிலேயே இருந்தும் தப்பிய இடங்களையும் ஒப்பிட்டார்கள். வாசலில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி வைத்திருந்த இடங்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. செருப்பின் அடியில் ஒட்டிய வைரஸ் தொட்டியில் செத்தது மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வாசலில் தொட்டி வைக்கிறவர் வருகிறவரை நிறுத்துகிறார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார். கை கழுவச் சொல்கிறார். தொட்டி இருக்கும் இடத்தில் அதைச் சுற்றி ஓர் ஒழுங்கும் இருக்கும். மாறாக, லத்தியும் சேறும் கலந்து நாலு நாளாக மாற்றாத தொட்டியால் பயனில்லை. கிருமிநாசினி எதுவானாலும் அழுக்கின் மேல் ஊற்றினால் வலுவிழக்கும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி.

பரவலுக்கு இன்னொரு காரணம், கிருமி கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிட்ட ஒரு போட்டி. ஆகஸ்ட் 17 முதல் 19 வரை நியூ சவுத் வேல்ஸின் மெய்ட்லண்ட் அருகே குதிரைப் போட்டி நடந்தது. அங்கே கூடிய குதிரைகள் வைரஸை வாங்கிக்கொண்டு, வண்டிகளில் ஏறித் தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பின. தடை அறிவிக்கப்பட்டபோது அவை ஏற்கெனவே வீடு சேர்ந்து, பக்கத்துத் தடுப்புக் குதிரையோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. குவீன்ஸ்லாந்தின் வார்விக் ஊரில் மார்கன் பார்க் மைதானத்துக்கு அடுத்த வாரப் போட்டிக்கு வந்தவர்கள் அங்கேயே அடைபட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளோடு உரிமையாளர்களும் வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்கினார்கள். கொடுமையான காத்திருப்புதான். ஆனால் அந்த வண்டிகள் கிளம்பியிருந்தால் ஒவ்வொரு வண்டியும் ஒரு புதிய இடத்துக்கு நோயைக் கொண்டுபோயிருக்கும்.

போட்டிக்கோ சந்தைக்கோ போய்த் திரும்பும் நம் சொந்தக் குதிரையையும் புதிதாக வாங்கிய குதிரையைப் போலவே நடத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வாங்கிவந்த குதிரை மேல் எல்லோருக்கும் சந்தேகம் இருக்கும். வீட்டுக் குதிரை மேல் யாருக்கும் வராது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பல மாவட்டக் குதிரைகளும் வெளிமாநிலக் குதிரைகளும் ஒரே மைதானத்தில் நிற்கின்றன. அங்கே போய்வந்த குதிரை, விற்காமல் திரும்பினாலும், கிருமியின் கண்ணுக்குப் புதிய குதிரைதான்.

தனிமைப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய கட்டடமும் பெரிய செலவும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் தேவைப்படுவது மற்றக் குதிரைகள் மூக்கை நீட்டித் தொட முடியாத தூரம், தனித் தண்ணீர், தனிச் சாமான்கள், வேலை செய்யும் வரிசை. தோப்பின் அந்தக் கோடியில் ஒரு கொட்டகை போதும். நடுவில் ஒரே ஒரு வேலி மட்டும் இருந்தால் போதாது. வேலியின் இருபுறமும் குதிரைகள் முகர்ந்துகொள்ளும். இரண்டு வேலி போட்டு, நடுவே ஆள் நடக்குமளவு இடம் விட வேண்டும். புதுக் குதிரையின் வாளி, பிரஷ், தலைக்கயிறு, லத்தி அள்ளும் கூடை எல்லாவற்றிலும் ஒரு சிவப்புக் கோடு தீட்டிவிட்டால், அவசரத்தில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் நுனி எந்த வாளித் தண்ணீரிலும் முங்கக் கூடாது. ஒரு வாளியில் முங்கிய நுனி அடுத்த வாளிக்குள் போனால், இரண்டு குதிரைகளும் ஒரே தொட்டியில் குடித்த கதைதான். நல்ல லாயங்களில்கூட நான் அதிகம் கவனித்த ஓட்டை இந்தக் குழாய்தான்.

வேலை வரிசைக்குச் செலவே கிடையாது. காலையில் முதலில் குட்டிகளும் சினைக் குதிரைகளும், பிறகு மற்றவை, எல்லாம் முடிந்த பிறகு தனிமையில் இருக்கும் குதிரை. அதைத் தொட்ட பிறகு திரும்பவும் உள்ளே வர வேண்டியிருந்தால் கைகால் கழுவி, மேல்சட்டை மாற்றிக்கொண்டு வர வேண்டும். தனியாக ஓர் ஆளை நியமிக்க முடிந்தவர்கள் நியமிக்கலாம். முடியாதவர்களுக்கு இந்த வரிசையே முக்கால் பாதுகாப்பு. லாடம் அடிப்பவரும் கால்நடை மருத்துவரும் ஒரே நாளில் பல லாயங்களுக்குப் போகிறவர்கள். அவர்கள் வந்தால் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் எடுத்து வைப்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

புதுக் குதிரையை எத்தனை நாள் தனியே வைப்பது? ஃபுளூவுக்கு மட்டும் என்றால் இரண்டு வாரம் போதும். மூன்று வாரம் என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இன்னொரு நோய்.

அதன் பெயர் ஸ்ட்ராங்கிள்ஸ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியாவால் வருவது. உலகில் குதிரை இருக்கும் இடமெல்லாம் இருப்பது. தாடைக்கு அடியிலும் தொண்டையிலும் உள்ள நெறிகட்டிகள் வீங்கிச் சீழ் கட்டி உடையும். தொண்டைக் கட்டி பெரிதானால் குதிரை மூச்சுக்குத் திணறும். கிருமி உள்ளே போனதிலிருந்து 3 முதல் 14 நாளில் நோய் தெரியும். இந்த நோயில் தொற்றைத் தடுக்க நினைப்பவருக்குச் சாதகமான ஓர் அம்சம் இருக்கிறது: முதலில் காய்ச்சல் வருகிறது; மூக்கின் வழியே கிருமி வெளியேறுவது அதற்கு ஓரிரண்டு நாள் கழித்துத்தான். காய்ச்சலைக் கண்ட அன்றே அந்தக் குதிரையைப் பிரித்துவிட்டால், அது யாருக்கும் நோயைக் கொடுக்கும் முன்பே பிரித்துவிட்டோம் என்று பொருள். மூக்கொழுகலுக்கோ வீக்கத்துக்கோ காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஆகவே லாயத்தில் இருக்க வேண்டிய முதல் கருவி தெர்மாமீட்டர். வளர்ந்த குதிரையின் இயல்பான வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை. காலையும் மாலையும், வேலை வாங்கும் முன், ஆசனவாயில் வைத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். வெயிலில் நின்ற குதிரைக்கும் ஓடிவந்த குதிரைக்கும் இயல்பாகவே ஏறியிருக்கும். ஓய்வில் இருக்கும்போது பார்ப்பதே கணக்கு. ஒரு குதிரையின் வழக்கமான அளவு தெரிந்திருந்தால், 38.6 என்ற எண் அதற்குச் சாதாரணமா இல்லையா என்று சொல்லிவிடலாம். சாப்பிடுகிறதே, நன்றாகத்தானே நிற்கிறது என்ற கண்பார்வை இந்த இடத்தில் உதவாது. முதல் நாள் காய்ச்சலில் பல குதிரைகள் தீவனத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

ஃபுளூவில் இந்த இடைவெளி கிடைக்காது. காய்ச்சல் வரும்போதே, சில சமயம் அதற்கும் முன்பே, வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அதற்குத் தூரமும் தனிமையும்தான் காப்பு. ஒரு நோய்க்குத் தெர்மாமீட்டர் காக்கும், மற்றதற்குத் தனிக் கொட்டகை காக்கும் என்பதால் இரண்டில் ஒன்றை விட்டுவிட முடியாது.

ஸ்ட்ராங்கிள்ஸ் குணமான பிறகும் கதை முடிவதில்லை. குதிரையின் தலைக்குள், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயின் மேல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப் பைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை லிட்டர் கொள்ளும். தொண்டைக் கட்டி உள்பக்கமாக உடைந்தால் சீழ் அந்தப் பைக்குள் இறங்கும். சில குதிரைகளில் அது வடியாமல் தங்கி, காய்ந்து, கூழாங்கல் போலக் கட்டிகளாகும். வெளியில் ஓர் அறிகுறியும் இருக்காது. மினுமினுப்பாக, தின்றுகொண்டு, ஓடிக்கொண்டு இருக்கும். உள்ளே மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், உயிருள்ள கிருமி இருக்கும். அவ்வப்போது மூக்கின் வழியே வெளியேறும். குணமான குதிரைகளில் பத்தில் ஒன்று இப்படி ஆகலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு லாயத்தில் ஸ்ட்ராங்கிள்ஸ் கிளம்புவதற்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட, எல்லோரும் புகழ்ந்து வாங்கிய ஒரு குதிரைதான் காரணம். கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப் வழியாக அந்தப் பைகளைக் கழுவி, எடுத்த நீரைப் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். குதிரைக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

இந்தக் கிருமி வெயில் படும் காய்ந்த மரத்தில் சில நாளில் சாகும். ஆனால் தண்ணீரில் வாரக்கணக்கில் பிழைக்கும். எல்லாக் குதிரைகளும் ஒரே பொதுத் தொட்டியில் குடிக்கும் வழக்கத்தை விட்டாலே பாதிப் போர் முடிந்தது.

நோய் வந்துவிட்ட பிறகு பதற்றத்தில் எடுக்கும் முடிவுகள்தான் அதிகக் கேடு செய்கின்றன. முதல் குதிரைக்குக் காய்ச்சல் என்றதும், நல்லவற்றையாவது காப்பாற்றலாம் என்று நண்பரின் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். அவற்றில் எது ஏற்கெனவே கிருமியை வாங்கிவிட்டது என்று அன்று யாருக்கும் தெரியாது. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வாலென்சியாவில் நடந்த போட்டித் தொடரில் ஹெர்பிஸ் வைரஸ் பரவி, குதிரைகள் பின்னங்கால் தள்ளாடி விழுந்தன. நிலைமை முழுதாகத் தெரியும் முன்பே அங்கிருந்து கிளம்பிய குதிரைகளோடு வைரஸ் வேறு நாடுகளுக்கும் போனது. பதினெட்டுக் குதிரைகள் இறந்தன. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐரோப்பாவின் பல நாடுகளில் போட்டிகளை நிறுத்தியது. பிறகு போட்டிக்கு வரும் குதிரைகளின் உடல்வெப்பத்தைக் கைபேசிச் செயலியில் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது.

ஹெர்பிஸ் விஷயத்தில் வாசலை மட்டும் காப்பது போதாது. இந்த வைரஸ் குட்டிப் பருவத்திலேயே பல குதிரைகளுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. நீண்ட பயணம், இடமாற்றம், குட்டி பிரிப்பு போன்ற அயர்ச்சி வரும்போது மறுபடி விழிக்கிறது. எனவே உள்ளே இருக்கும் குதிரைகளையே சிறுசிறு குழுக்களாகப் பிரித்து வைப்பதில் பயன் உண்டு. முக்கியமாகச் சினைக் குதிரைகளைப் போட்டிக் குதிரைகளோடு கலக்கக் கூடாது. இந்த வைரஸ் கருச்சிதைவு உண்டாக்கும். வெளிவந்த கருவிலும் நஞ்சுக்கொடியிலும் வைரஸ் மலிந்திருக்கும். அதை நாய் இழுக்க விடாமல், உறையில் கட்டி, மருத்துவர் வரும்வரை யாரும் தொடாமல் வைக்க வேண்டும்.

நோய் தெரிந்த நாளில் செய்ய வேண்டியது வாசலை மூடுவது. பிறகு மூன்று குழு: நோயுள்ளவை; அவற்றோடு சேர்ந்து நின்றவை; தொடர்பே இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் வாளியும் கயிறும். இரண்டாம் குழுதான் கடினம். அவை நன்றாகத் தெரிவதால் மூன்றாம் குழுவோடு சேர்க்க மனம் இழுக்கும். அங்கேதான் தெர்மாமீட்டர் நோட்டு தீர்ப்பு சொல்ல வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாதது வேண்டுமென்றே. அது அவசியம். ஆஸ்திரேலியா நோயை வளைத்துக் கட்டியதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குப் போட்ட ஊசிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பொலிகுதிரைகளும் ஊசி போட்டவைதான். ஊசி நோயின் கடுமையைக் குறைக்கும். வெளியேறும் வைரஸையும் குறைக்கும். முற்றாக நிறுத்திவிடும் என்று உறுதியில்லை. இருமலே இல்லாமல் வைரஸைக் கொடுக்கும் குதிரையை அது உருவாக்கிவிடக்கூடும். ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் வாளியை மாற்றிப் பயன்படுத்துவது, ஊசியே போடாமல் விடுவதற்குச் சமமான ஆபத்து.

வாசலும் வாளியும் தடுக்க முடியாத நோய்களும் உண்டு. 2020-இல் தாய்லாந்தில் 500-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரை நோய், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கடிபூச்சிகளால் பரவுகிறது. அதற்குக் குதிரையை அந்தியிலிருந்து விடியும்வரை மெல்லிய கண்ணி வலைக்குள் கட்டுவது முக்கியமான வழி. பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா பகுதியில் 1994-இல் குதிரைகளோடு அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வருவது. அங்கே தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் பூத்துக் காய்க்கும் மரங்களுக்கு அடியில் வைப்பதில்லை.

இந்தியாவில் கிளாண்டர்ஸ் நோயை மறந்துவிடக் கூடாது. மூக்கில் புண்ணும் தோலில் கட்டிகளுமாக வரும் அந்த நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; உறுதியானால் அந்தக் குதிரையைக் காப்பாற்ற வழியில்லை, கருணைக்கொலைதான். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இரத்தப் பரிசோதனை செய்கிறது. மூக்கொழுகும் குதிரையை வெறுங்கையால் துடைக்காதீர்கள் என்று குதிரை வண்டிக்காரர்களிடம் சொல்ல ஆள் இல்லாதது என்னை உறுத்துகிறது. தன் சாப்பாட்டுக்கே அந்தக் குதிரையை நம்பியிருப்பவர், பரிசோதனை என்றால் பயப்படுவதும் இயல்பு. இழப்பீடு சரியாகவும் சீக்கிரமாகவும் கைக்கு வந்தால்தான் அவர் நோயை மறைக்காமல் சொல்வார்.

கடைசியாக, எப்போது வாசலைத் திறப்பது? எல்லாக் குதிரைகளும் தின்னத் தொடங்கிய நாளில் அல்ல. ஃபுளூவானால் கடைசிக் குதிரைக்கு அறிகுறி நின்ற பிறகும் மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஹெர்பிஸுக்கும் கடைசிக் காய்ச்சலிலிருந்து அதே கணக்கு. ஸ்ட்ராங்கிள்ஸ் என்றால் அறிகுறி நின்று மூன்று வாரம் கழித்து, நோய் வந்த ஒவ்வொரு குதிரையின் காற்றுப் பைகளையும் பரிசோதித்து, கிருமி இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகு திறக்கலாம். அதற்குள் மரத் தடுப்புகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டு, பழைய பிரஷ்களை எரித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துச் சுரண்டிக் கழுவ வேண்டும்.